பாடியவன் பெயர் என்ன?

ஒரு வீட்டைக் கட்டி முடித்ததும் வாசலிலே வீட்டுக்காரரின் பெயரைப் பொறிக்கிறோம். சுவர் எழுப்பிய மேசனின் பெயரையோ, நிலை செதுக்கிய தச்சனின் பெயரையோ எவரும் பொறிப்பதில்லை. கலையுலகம் இந்த வழக்கத்துக்குப் புறம்பானது என்று பலர் நம்புகின்றனர். கலைஞனின் பெயர் காலத்தை வென்று நிற்கும் என்று மேடைகளிலே முழங்குகின்றனர். இசையின் வரலாற்றைச் சிறிது கிளறிப் பார்த்தால், அங்கேயும் பெயர் பெற்ற வீட்டுக்காரரும் பெயரற்ற மேசனும் இருப்பது தெரியவரும்.

மட்டக்களப்பு வாவிக்கரையிலே நெடுங்காலம் ஆசிரியத் தொழில் பார்த்தவன் நான். என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் மேனாட்டு இசையிலே பெரும் பித்துக் கொண்டவன். 'ஸ்மித்ஸ்' என்ற ஆங்கிலக் குழுவின் வரலாறு அவனுக்கு மனப்பாடம். 1982இல் மான்செஸ்டர் நகரிலே தோன்றிய குழு அது. பாடகர் மோரிசி, கிற்றார் கலைஞர் ஜானி மார், பேஸ் கிற்றார் வாசித்த அண்டி ரூர்க், டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸ் என நால்வர். நால்வருமே அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள். 1984இல் குழுவின் பெயரையே தாங்கிய முதல் இசைத்தட்டு. 1985இல் 'மீற் இஸ் மேடர்'. 1986இல் 'த குயின் இஸ் டெட்'. 1987இல் 'ஸ்ட்ரேஞ்ச்வேய்ஸ், ஹியர் வி கம்'. அத்துடன் குழு கலைந்தது. பெருங் கம்பனிகளைச் சாராத 'றஃப் ட்ரேட்' என்ற சிறு கம்பனியே இந்நான்கையும் வெளியிட்டது. இவ்வாறு முதலாளித்துவப் பெருநிறுவனங்களின் பிடிக்கு வெளியே நிற்க முயன்ற இசையையே 'இண்டி', அதாவது சுயேச்சை இசை, என்று அந்நாட்டார் அழைத்தனர்.

கம்பனி சிறியதாயினும் பங்கீட்டுச் சிக்கல் பெரியதாகவே இருந்தது. இசைத்தட்டாலும் மேடையாலும் வந்த வருவாயிலே மோரிசியும் மாரும் நூற்றுக்கு நாற்பது வீதம் எடுத்துக்கொண்டனர். ரூர்க்குக்கும் ஜாய்ஸுக்கும் பத்துப் பத்து. பாட்டை இயற்றியதற்கான உரிமைப் பணம் வேறு. அதற்கு ஜாய்ஸ் உரிமை கோரவில்லை. சேர்ந்து வாசித்ததற்கு, சேர்ந்து ஊர் ஊராய்த் திரிந்ததற்கு, சமபங்கு வேண்டும் என்றே அவர் நீதிமன்றம் சென்றார். குழு என்பது ஒரு கூட்டு. பங்கை வேறாக வகுக்கும் தெளிவான உடன்பாடு இல்லாதபோது கூட்டாளிகள் அனைவரும் சமம் என்பது 1890ஆம் ஆண்டின் ஆங்கிலக் கூட்டுத்தொழிற் சட்டம். 1996இல் தீர்ப்பு ஜாய்ஸின் பக்கமே விழுந்தது; 1998இல் மோரிசியின் மேன்முறையீடும் தள்ளப்பட்டது.

ஸ்மித் என்பது இங்கிலாந்திலே மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். அச்சாதாரணத் தன்மைக்காகவே குழுவினர் அதைத் தேர்ந்தனர். சொல்லின் பொருளோ கொல்லன் என்பது. மாணவன் இதைச் சொன்னபோது என் எண்ணம் மான்செஸ்டரை விட்டு வாவிக்கரைக் கொல்லர்களிடம் சென்றது. இரும்படித்த கையாலேயே பிடில் வாசித்த மனிதர்கள் நம்மிடையே இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்கள்தாம் மட்டக்களப்புப் பறங்கியர்.

1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்து, அதைக் கைப்பற்றினர். 1658இல் இலங்கை முழுவதிலும் போர்த்துக்கேயர் ஆட்சி ஒழிந்தது. ஆட்சி போயிற்று, மொழி போகவில்லை. போர்த்துக்கேயமும் நம் நாட்டு மொழிகளும் கலந்து பிறந்த கிரியோல் மொழி ஒல்லாந்தர் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. இன்று அது பேசப்படுவது மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிகளிலே சில குடும்பங்களில் மட்டுமே.

பறங்கியர் என்றதும் கொழும்பு உத்தியோகத்தரையே பலரும் நினைப்பர். அங்கேயும் வர்க்கம் உண்டு. 1908இல் கொழும்பிலே ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் நிறுவப்பட்டபோது, தந்தை வழியிலே ஐரோப்பிய வம்சாவளியைக் காட்டுவோர்க்கே அதன் கதவு திறந்தது. தச்சர், கொல்லர், தையற்காரர், சப்பாத்துத் தைப்போர் ஆகிய போர்த்துக்கேயப் பறங்கியரை 'மெக்கானிக்' என்று மேல்தட்டார் இழிவாகக் குறித்தனர். தொழிலின் பெயரே வசையாயிற்று! மட்டக்களப்பிலே ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'ஒல்லாந்தப் பறங்கியரும் போர்த்துக்கேய மெக்கானிக்குகளும்' என்ற பொருள்பட அமைந்ததுதான்.

இந்தப் பட்டறைக்காரரின் இசையே கப்பிரிஞ்ஞா. போர்த்துக்கேயர் ஆபிரிக்காவிலிருந்து படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த கப்பிரியரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியிலே இன்றும் வாழ்கின்றனர். 'மஞ்ஞா' என்ற தம் பாட்டைப் பாடுகின்றனர். அடிமையின் தாளமும் ஐரோப்பியப் பிடிலும் நம் மண்ணின் றபானும் சேர்ந்த கூட்டு இசை அது. நான்கு சோடிகள் சதுரமாய் நின்று ஆடும் 'லான்சர்ஸ்' ஆட்டமும் கப்பிரிஞ்ஞாவும் இல்லாமல் பழைய பறங்கியர் கலியாணம் நிறைவு பெறாது.

எங்கள் அயலிலே நடந்த அத்தகைய கலியாணம் ஒன்றைக் கண்டிருக்கிறேன். காலையிலே என் வீட்டுக் கதவுக்குப் பிணைச்சல் பூட்டிய தச்சுத் தொழிலாளியே மாலையில் பிடிலைத் தோளிலே சாய்த்து நின்றார். விரல் நுனிகளிலே மெருகெண்ணெயின் கறை போகவில்லை. பாட்டின் சொற்கள் எனக்கு முழுதும் விளங்கவில்லை. ஆனால் ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாகப் பாடிய முறை, நம் வயல்வெளிகளிலே கேட்கும் கவிகளுக்கு அயலானதாகத் தோன்றவில்லை.

இந்த இசைக்கும் ஒரு பதிவு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டிலே இலங்கையில் பணிபுரிந்த ஆங்கில அதிகாரி ஹியூ நெவில் சேர்த்த ஏடுகளிலே மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பாட்டுகளும் உள்ளன. அவை இன்று லண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. 1940களிலே வாலி பஸ்தியன்ஸ் என்ற பொலிஸ்காரர் கப்பிரிஞ்ஞாத் தாளத்திலே சிங்களச் சொற்களை ஏற்றிப் பைலாவை நாடறியச் செய்தார். 1960களின் இறுதியிலிருந்து நித்தி கனகரத்தினமும், 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரனும் அதே துள்ளலைத் தமிழ்ப் பொப் பாட்டுக்குள் கொணர்ந்தனர். 'சுராங்கனி' 1977இல் தமிழகத் திரைப்படத்துக்குள்ளும் புகுந்தது. பேராசிரியர் டேவிட் ஜாக்சன் இப்பாட்டுகளை ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட நூலின் பெயர், 'வெட்கமின்றிப் பாடு' என்று பொருள்படுவது. 1998இல் லிஸ்பன் உலகக் கண்காட்சியை ஒட்டி வெளிவந்த இசைத்தட்டு வரிசையிலே ஒன்று இலங்கைக்குரியது. அண்மையில் லிஸ்பனைச் சேர்ந்த மொழியியலாளர் ஊகோ கார்டோசோவும் அவர் குழுவினரும் இங்கே வந்து மொழியையும் பாட்டையும் பதிவு செய்தனர்.

லண்டனிலே ஏடு, லிஸ்பனிலே இசைத்தட்டு, கொழும்பிலே வியாபாரம்! மட்டக்களப்பிலே எஞ்சியது என்ன? பஸ்தியன்ஸையோ பொப் பாடகர்களையோ குறை கூறுவது என் நோக்கமன்று, அவர்களும் உழைத்தவர்களே. வெளிநாட்டு அறிஞர்கள் செய்தது நாம் செய்யத் தவறிய பணி. குறை சட்டத்திலும் சந்தையிலும் உள்ளது. பதிப்புரிமைச் சட்டம் தனிமனிதனின் சிருஷ்டியைக் காக்க எழுந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகமே செதுக்கிய தாளத்துக்கு அச்சட்டம் உரிமையாளனைக் காண்பதில்லை. உரிமையாளன் இல்லாத பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கலாம் அல்லவா? மான்செஸ்டர் டிரம்ஸ்காரருக்குப் பத்து வீதமாவது கிடைத்தது. அது போதாதென்று வாதாட ஒரு நீதிமன்றமும் இருந்தது. நம் றபான்காரன் எந்த நீதிமன்றத்திலே ஏறுவான்?

காலமும் அவர்களிடம் கருணை காட்டவில்லை. போர்க்காலத்திலே பலர் நாட்டை விட்டு அகன்றனர். 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள் டச்பார் கரையிலிருந்த பறங்கியர் குடியிருப்பை வாரிச் சென்றது. எஞ்சிய குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைகளிலே படிக்கின்றனர். பாட்டன் மொழி அவர்கள் நாவிலே தேய்கிறது.

எங்கள் நாட்டை 'மீன் பாடும் தேன்நாடு' என்று பெருமையோடு சொல்கிறோம். நிலாக் காலத்திலே கல்லடிப் பாலத்தடியில் மீனின் பாட்டைக் கேட்கத் தோணி பிடித்துச் செல்கிறோம். மீனுக்குக் கொடுத்த காதை மனிதனுக்குக் கொடுக்க வேண்டாமா?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும், இன்று எல்லோர் கையிலும் உள்ள தொலைபேசியும் போதும். தாண்டவன்வெளிக்கும் டச்பாருக்கும் செல்லுங்கள். முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் இசைவோடு, பெயர், தொழில், வாசித்த கருவி, கற்பித்த ஆசான், உடன் வாசித்தோர், வாசித்த கலியாணங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். அதன் ஒரு பிரதி அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அந்தப் பெயர்ப் பட்டியலை ஊர் நூலகத்திலும் பாடசாலையிலும் வையுங்கள். கூலி கிடையாது போன உழைப்புக்கு முழு நியாயம் இதனால் கிடைத்துவிடாது. ஆயினும் நியாயம் கேட்பதற்கு முதலில் கேட்பவனுக்கு ஒரு பெயர் வேண்டும்.