முட்டை இல்லாத பிஸ்கட்

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா" என்று கழகத்துத் தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார். நிதி திரட்டுவதற்காக வீட்டில் பலகாரம் செய்து விற்ற அனுபவத்தை எழுதலாமே என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். சரி என்றேன். ஆனால், அந்த அனுபவத்தில் நான் இதுவரை எங்கும் எழுதாத ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் பயனில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக்காகப் பினாங்குக் கடற்கரைகளுக்குப் போயிருந்த குடும்பங்களையும் அன்று அலை வாரிக்கொண்டு போனது. நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். ஆச்சே, இலங்கை, நாகப்பட்டினம் என்று தொலைக்காட்சியில் காட்டக் காட்ட எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. புத்தாண்டு கழிந்து வளாகத்துக்குத் திரும்பியபோது, கழகக் கூட்டத்தில் வேறு எதைப் பற்றியும் பேச முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும். ஆனால், எங்கள் கையில் காசு ஏது? பி.டி.பி.டி.என். கடன் வந்தால்தான் எங்களுக்கே சாப்பாடு. உண்டியல் ஏந்தலாம் என்றார் ஒருவர். வாங்குகிறவர் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்றார் இன்னொருவர். அப்போதுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"எங்க அம்மா நெய் பிஸ்கட் நல்லா செய்வாங்க."

கேக்கும் செய்யலாம் என்று ஒரு பேச்சு வந்தது. அறிவிப்பில் அதை 'அணிச்சல்' என்று எழுதுவதா 'கேக்' என்று எழுதுவதா என்று அரை மணி நேரம் வாதாடினோம். தமிழ்க் கழகம் அல்லவா! கடைசியில் எங்கள் விடுதியில் ஓவன் இல்லை என்பது நினைவுக்கு வந்து, வாதம் தானாக நின்றது. வேலை முழுவதும் கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது.

நெய் பிஸ்கட்டைத் தீபாவளிக்கு வாயில் போட்டுக் கரைத்திருப்பீர்கள். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். மாவு, சீனி மாவு, நெய். அவ்வளவுதான். மாவை முதலில் வெறும் சட்டியில் பண்டான் இலை போட்டு வறுக்க வேண்டும். இலை காய்ந்து நொறுங்கினால் மாவில் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். நெய்யில் தண்ணீர் கிடையாது. வெண்ணெயில் உண்டு. தண்ணீர் பட்டால் மாவு இழுவையாகிவிடும், பிஸ்கட் கடிபடும். நெய் மட்டும் சேர்ந்தால் மாவு ஒட்டியும் ஒட்டாமலும் உருண்டு நிற்கும், வாயில் வைத்ததும் உதிரும். அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. "கியூ.பி.பி. நெய்தான் போடணும், வெண்ணெய போட்டு ஏமாத்தாத" என்பார். உருட்டும்போது உள்ளங்கையில் அழுத்தினால் திட்டு விழும்.

முதல் விற்பனை 2005 ஜனவரி 12, புதன்கிழமை. சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலில் 40 போத்தல். ஒன்று 10 வெள்ளி. மேசைக்கு முன்னால் ஓர் அட்டையில் 'முட்டை இல்லாதது' என்று நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். ஜனவரி 25ஆம் தேதி தைப்பூசம். வளாகத்தில் பலர் விரதம் இருந்தார்கள். கேன்டீனில் அவர்களுக்குக் கிடைத்தது சோறும் ஏதாவது ஒரு கீரையும்தான். இந்த அட்டையைப் பார்த்ததும் வரிசையே நின்றுவிட்டது. மதியத்துக்குள் 40 போத்தலும் தீர்ந்தன.

வெற்றி தலைக்கேறியது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த புதன்கிழமைக்கு 36 போத்தல் செய்வதாக ஒப்புக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனால், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மாவை வறுத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நானும் தங்கையும்தான் உருட்டினோம். அம்மாவுடையதைப் போல் இல்லாமல் என் பிஸ்கட் மேலே வெடித்து, வெளிறிப்போய், சுண்ணாம்புக் கட்டி போல் இருந்தது. இதை யார் 10 வெள்ளி கொடுத்து வாங்குவார்கள்? பக்கத்து வீட்டு ஆன்ட்டி தம் பிஸ்கட்டுகளுக்கு மேலே முட்டை மஞ்சள் கரு தடவுவது நினைவுக்கு வந்தது. ஐந்து முட்டை உடைத்தேன். அடுத்த தட்டு பொன் போல் வந்தது. எல்லாத் தட்டுக்கும் தடவினேன், வெந்து எடுத்திருந்த முதல் தட்டுக்கும் தடவித் திரும்ப உள்ளே தள்ளினேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். தைப்பூசம் என்ற ஒன்று இருப்பதே அப்போது என் நினைவில் இல்லை.

19ஆம் தேதி காலையில் அதே மேசை, அதே அட்டை.

36 போத்தலும் விற்றுத் தீர்ந்தன. "இந்தத் தடவ கலர் அழகா இருக்கே" என்று பலர் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டு படித்த ஓர் அண்ணன் இரண்டு போத்தல் வாங்கினார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டு, 21 நாள் விரதத்தில் இருந்தவர். "இத வச்சித்தான் ராத்திரியில படிக்கிறேன்" என்று சிரித்தார்.

மாலையில் மேசையை மடிக்கும்போது அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடப் போனேன். கையில் இருந்த எழுத்தை அப்போதுதான் படித்தேன்.

யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று அன்றிரவு நினைத்தது உண்மை. தெரியாமல் சாப்பிட்டால் குற்றமில்லை, நல்ல காரியத்துக்குத்தானே விற்றோம், பணத்தைத் திருப்பினால் நிதி குறையுமே என்று காரணங்கள் வரிசையாக வந்தன. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தப் புள்ளைங்க இன்னைக்கு ராத்திரியும் அதத்தான் சாப்பிடும்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணனின் விடுதிக்கு அப்போதே போனேன். கீழே வந்தார். சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வேற எத்தன பேருக்கு வித்த?" என்று கேட்டார்.

36 போத்தலை 31 பேர் வாங்கியிருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. வியாழக்கிழமை மாலைக்குள் பாதிப் பேர் பேருந்து ஏறிவிடுவார்கள். கழகத் தோழர்கள் என்னைக் கோபித்துக்கொண்டே விடுதி விடுதியாக அலைந்தார்கள். குறுஞ்செய்திகள் பறந்தன. 26 பேரைக் கண்டுபிடித்தோம். அவர்களில் 8 பேர் விரதம் இருந்தவர்கள். அவர்கள் வாங்கிய 10 போத்தலுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு தங்கை என் எதிரிலேயே அழுதாள். இன்னொருவர், "பரவாயில்ல, முருகன் உங்கள அடிக்க மாட்டாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் தம்முடைய 20 வெள்ளியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேண்டாம், நிதிக்கே போகட்டும் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அந்த ஆண்டு பால்குடமும் எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்களாம். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டு விற்பனையிலும் வந்த 760 வெள்ளியில் 100 போக 660 வெள்ளியை நிவாரண நிதிக்குச் செலுத்தினோம். நெய்க்கும் மாவுக்கும் ஆன செலவு அந்தக் கணக்கில் வரவே இல்லை. அது அம்மாவின் சம்பளத்தில் போனது. அடுத்த முறை நிதி திரட்டும் தம்பி தங்கைகள் அந்தச் செலவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

2006 பிப்ரவரியில் அண்ணன் பால்குடம் எடுத்தார். அதற்குள் பட்டம் பெற்று வேலைக்குப் போயிருந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். 42.7 மீட்டர் முருகன் சிலையைத் திறந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தபடி நகர்ந்தது. 272 படிகளிலும் அவருடைய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். அந்த அம்மாவுக்கு பிஸ்கட் கதை தெரியுமா என்று நான் கேட்கவில்லை. பாதி வழியில் நின்று, மூச்சு வாங்க, "நீ எந்த ஊரும்மா?" என்றார். கிள்ளான் என்றேன்.

கண்டுபிடிக்க முடியாமல் போன 5 பேரும் இன்று முன்னாள் மாணவர்கள். அவர்களில் யாராவது இந்த மலரைப் புரட்டக்கூடும். 2005 ஜனவரி 19ஆம் தேதி எங்கள் மேசையில் நீங்கள் வாங்கிய பிஸ்கட்டில் முட்டை இருந்தது. அட்டையில் இல்லை என்று எழுதியவள் நான்தான். உங்கள் 10 வெள்ளி என்னிடம் இருக்கிறது.