தையலுக்கு முன் சுமை

அறுவை மேசையில் கிடக்கும் பாதத்தின் மேல் எடை இல்லை. மயக்க மருந்தில் தசைகளும் தளர்ந்திருக்கின்றன. எலும்பை வெட்டி நேராக்கி, ஸ்க்ரூ முடுக்கி, சீ-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். எழுந்து நின்றால் எடை எங்கே இறங்கும் என்பதைத் தையல் போடுமுன்பே பார்த்துவிட வேண்டும். கொல்கத்தாவில் பாத அறுவை செய்துவரும் எனக்கு இதில் சமரசமே கிடையாது.

வெறுங்காலில் நிற்கும்போது பாதத்தின் சுமையில் ஏறக்குறைய 60 சதவீதம் குதிகாலில் இறங்குகிறது. முன்பாதத்துக்குக் கால் பங்குக்குச் சற்று மேல். முன்பாதத்தில் பெருவிரலின் அடி எலும்புதான் அதிகம் தாங்க வேண்டியது. பெருவிரல் கோணலைச் சரிசெய்யும்போது அந்த எலும்பு குட்டையானாலோ, மேலே தூக்கிக்கொண்டாலோ, சுமை பக்கத்து எலும்புக்குப் போய்விடும். விரல் நேராகியிருக்கும், இரண்டாம் விரலுக்கு அடியில் தோல் காய்த்து, நோயாளி வலியோடு திரும்பி வருவார்.

சர்க்கரை நோயில் பாதம் மரத்தவருக்கு அந்த வலியும் தெரியாது. துர்கா பூஜை இரவுகளில் இந்த ஊரே பந்தல் பந்தலாக நடக்கிறது. புதுச் செருப்பில் நடந்த மரத்த பாதங்கள் பூஜை முடிந்ததும் புண்ணோடு வருகின்றன. மரத்த பாதத்தில் வரும் புண்ணுக்கு அழுத்தமே காரணம் என்று, அதேபோல் பாதம் மரத்த தொழுநோயாளிகளிடம் கண்டு வலியுறுத்தியவர் வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். பாமன், கிர்லிங் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வு, உள்ளங்கால் அழுத்தத்தை அளந்து காலணிகளை மதிப்பிட்டது.

அந்த அளவீட்டை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தவர்களில் ஜெர்மனியின் மார்ட்டினுஸ் ரிக்டர் முக்கியமானவர். சென்சார் விரிப்பை உள்ளங்காலில் வைத்து, நிற்பதற்கு ஒப்பான விசையைக் கருவியால் கொடுத்து, சுமை பரவும் விதத்தை அங்கேயே பார்ப்பது அவருடைய முறை.

கருவி இல்லாத அரங்கிலும் வழி உண்டு. முழங்காலை நீட்டி, கணுக்காலை 90 டிகிரியில் நிறுத்தி, தட்டையான தகட்டை உள்ளங்காலில் சமமாக அழுத்துகிறேன். விரல்களின் அடி எலும்புகளின் ஐந்து தலைகளும் தகட்டில் படிகின்றனவா, குதிகால் சாய்கிறதா என்று பார்க்கிறேன். தகட்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு தலையாகக் கட்டைவிரலால் தடவினால், துருத்தும் எலும்பு கையில் தட்டுப்படும். முழங்காலை மடக்கினால் மேலே வரும் கணுக்கால், நீட்டினால் வர மறுக்கிறதா? கெண்டைக்கால் தசை இறுகியிருக்கிறது. அதைத் தளர்த்தாமல் முன்பாதத்தின் அழுத்தம் குறையாது.

மேசையில் கிடைக்கும் எண், நடையில் வரும் எண்ணுக்கு ஈடாகாது. அதனால் எண்ணைவிடச் சுமை பரவும் விதத்தையே நம்புகிறேன். நடையில் அளப்பதைப் பின்னர் செய்யலாம். புண் வந்து ஆறிய பாதத்துக்குக் காலணிக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்கும்படி இன்சோல் அமைப்பது நல்லது.

இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சுமை கொடுத்துப் பார்க்காமல் தோலை மூடாதீர்கள். மூடுமுன் திருத்தினால் அதே மயக்கத்தில் வேலை முடியும். மூடிய பின் திருத்த நோயாளி இன்னொரு முறை மேசையில் படுக்க வேண்டும்.