சின்னம் செல்லும் தூரம்

காக்கா தம் சேமிப்பையெல்லாம் இட்டு அத்தர்க் கடை தொடங்கியபோது, கடைக்குரிய இலச்சினையை வரையும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஓவியம் பயின்றவன் என்ற பெருமிதம் எனக்கு. இரு மினாராக்கள், இடையே பிறை, கீழே ரோஜாக் கொத்து, ஓர் அத்தர்க் குப்பி, பொன்னிற வளைவில் கடையின் பெயர், உச்சியில் அரபியில் பிஸ்மில்லாஹ் என ஒன்றையும் விடவில்லை.

பெயர்ப்பலகையிலும் காகிதப் பையிலும் அது அழகாகவே விளங்கியது. கட்டைவிரல் அளவுள்ள குப்பியின் லேபிளில் அச்சாகி வந்தபோதோ, ரோஜாக்கள் மைக்கறையாயின. மெல்லிய எழுத்துகளின் புள்ளிகள் மறைய, கடைப்பெயரே வேறு பெயராயிற்று. ரசீதுப் புத்தகத்தில் கறுப்பு மை மட்டுமே. பொன்னிறத்தை நம்பி நின்ற வளைவு அங்கே சோபையிழந்தது. 5,000 லேபிள்கள் வீணாயின. காக்கா ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதுவே என்னை அதிகம் சுட்டது.

இத்தவறு பெரிய நிறுவனங்களுக்கும் நேர்ந்ததுண்டு. ஆப்பிள் கணினி நிறுவனத்தின் முதற்சின்னம், 1976இல், மரத்தடியில் அமர்ந்த நியூட்டனை நுணுக்கமாகச் சித்திரித்தது. மறு ஆண்டே அதைக் கைவிட்டு, கடிபட்ட ஆப்பிள் ஒன்றை மட்டும் ஏற்றனர். கடித்த தடம் இருப்பதால், எவ்வளவு சிறிதாயினும் அது செர்ரிப் பழமாகத் தோன்றாது.

ஆயினும் பெரிய பாடத்தைப் புகட்டியவர்கள் உம்மாவே. ஒருநாள் சேறு படிந்த எங்கள் கடைப் பையொன்றை முந்தானையால் துடைத்தபடி வந்தார்கள்.

"வாப்பா, இது சாக்கடையோரம் கிடந்தது. மிதிபடும் பையில் அல்லாஹ்வின் பெயரை எழுதலாமா?"

காலணியில் தீச்சுவாலை வடிவில் பொறித்த 'ஏர்' என்னும் ஆங்கிலச் சொல், அரபியில் அல்லாஹ் எனத் தோன்றுவதாக முஸ்லிம்கள் முறையிட, 1997இல் நைக்கி நிறுவனம் வருத்தம் தெரிவித்து அக்காலணிகளைத் திரும்பப் பெற்றது. அங்கே எழுத்தின் சாயல். இங்கே நான் அறிந்தே எழுதியிருந்தேன்.

அன்றிரவே மீண்டும் வரைந்தேன். ஒரு குப்பி, அதிலிருந்து மணமென எழும் ஒற்றைக் கோடு, கீழே தடித்த எழுத்தில் பெயர். முதலில் கறுப்பில் மட்டும் வரைந்து, நக அளவுக்குச் சுருக்கி உம்மாவிடம் காட்டினேன். "அத்தர்க் குப்பிதானே!" என்றார்கள். அதன் பின்னரே பொன்னிறம் சேர்த்தேன்.

தொழில் தொடங்கும் சகோதர சகோதரிகளே! நாம் செல்லாத இடமெல்லாம் நம் சின்னம் செல்லும். சிறிய தாளிலும் ஒற்றை மையிலும் தெருப் புழுதியிலும் அதை எண்ணிப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

பிஸ்மில்லாஹ் இப்போது கல்லாப்பெட்டிக்கு மேலே, சட்டமிட்டுச் சுவரில் இருக்கிறது. நாள்தோறும் கடை திறக்கையில் காக்கா அதை நாவாலும் மொழிகிறார்கள்.