மினுக்கும் வேலை

அலுமினியம் துருப்பிடியாத உலோகம் என்று கூறுவர். கடற்கரையூரிற் பிறந்தவர் எவரும் அக்கூற்றை முழுமையாக நம்பார். பருத்தித்துறையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே அரை மைல்தான். அங்கே இரும்பு சிவந்து உதிரும். அலுமினியமோ சுண்ணாம்பு பூசியது போல வெளிறிவிடும். விரலாற் தடவினால் வெண்பொடி ஒட்டும்.

எனது தந்தையாரிடம் 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் வண்டி ஒன்று உண்டு. 1990களில் வடக்கே பெற்றோலுக்குப் பெரும் பஞ்சம் நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு அதனை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தவர் ஊரோடு பெயர்ந்தபோது எங்கள் சுற்றத்தார் பலரைச் சுமந்து வந்ததும் அதுவே. இப்போது தந்தையாருக்கு 84 வயது, கண்பார்வை மங்கிவிட்டது. வண்டியை விற்பதென்று வீட்டில் முடிவாயிற்று. குருநாகலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கின்றார். இயந்திரப் பகுதி பளிச்சென்று இருந்தால் விலையைச் சற்றுக் கூட்டித் தருவாராம். ஆகவே சென்ற விடுமுறையில் தந்தையாரும் நானும் மினுக்கும் வேலையில் இறங்கினோம்.

அந்த வெண்பொடி யாதெனச் சொல்லிவிடுகின்றேன். ஆசிரியத் தொழிலின் பழக்கம், நேயர்கள் பொறுத்தருள்க. அலுமினியம் காற்றைக் கண்ட கணத்திலேயே ஒட்சிசனோடு கூடித் தன்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலமொன்றைப் போர்த்துக்கொள்ளும். இரும்பின் துருப்போல அது உதிராது. கவசமாக நின்று காக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அக்கவசத்தை ஆங்காங்கே துளைக்கும்போதுதான் குழிகளும் பொடியும் தோன்றுகின்றன. ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் இரும்பு ஆணியும் தொட்டிருந்தால் கேடு இன்னும் விரைவு. வியப்பென்னவெனில், இரத்தினபுரியிற் கிடைக்கும் நீலமும் மாணிக்கமும் அடிப்படையில் அதே அலுமினிய ஒட்சைட்டுத்தான்! அவற்றின் கனிமப் பெயராகிய கொறண்டம் என்பது நமது குருந்தம் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். அரத்தாள்கள் பலவற்றில் ஒட்டியிருக்கும் தூளும் அதுவே.

என் மனைவி அடுப்படியிலிருந்து புளி கொண்டுவந்து வைத்தாள். அவள் எண்ணியது தவறன்று. புளியின் அமிலம் ஒட்சைட்டைக் கரைக்கும். புளிக்குழம்பு காய்ச்சிய அலுமினியச் சட்டியின் உட்புறம் வெளுப்பதை யாரும் காணலாம். பித்தளைக் குடத்துக்குகந்த சாம்பலோ இதற்கு ஆகாது. சலவைச் சோடாவும் ஆகாது. காரம் அலுமினியத்தையே தின்னும்.

முதலில் மண்ணெண்ணெயால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, பின் சவர்க்கார நீரால் அலசினோம். அதன்மேல் நீர் தோய்த்த அரத்தாள்: 400, 600, 800, 1200 என்று படிப்படியாக. ஒரு தாளால் நெடுக்காக உரைத்தால் அடுத்ததாற் குறுக்காக உரைக்கவேண்டும். முந்திய கீறல்கள் முற்றாக மறைந்தனவா என்று அப்போதுதான் தெரியும். நான் வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தேன். தந்தையார் கண்ணை நம்பாது கட்டைவிரலால் தடவி, நான் காணாத இரண்டு கீறல்களைக் கண்டுபிடித்தார்! கடைசியில் மினுக்குப் பசையும் பழைய வேட்டித் துணியும். துணி கன்னங்கரேலென்று ஆகும். அது அழுக்கன்று, தேய்ந்த உலோகத்தின் நுண்தூள். உருக்குக் கம்பளியை மட்டும் பயன்படுத்தலாகாது. அதன் துகள்கள் பதிந்திருந்து பிறகு துருப்பிடிக்கும்.

அயலில் கராச் வைத்திருப்பவர், மின்மோட்டாரிற் சுழலும் துணிச்சில்லில் எல்லாவற்றையும் உள்ளும் புறமும் அரை மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். தந்தையார் இசையவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இவ்வண்டியின் எஸ். யூ. காபுரேற்றரின் தலையில் மணிபோல் ஓர் அலுமினியக் கூடு கவிழ்ந்திருக்கும். அதனுள்ளே பிஸ்ரன் ஒன்று சுவரைத் தொடாமல், மயிரிழை இடைவெளியோடு ஏறியிறங்கும். அதில் தொங்கும் ஊசியே பெற்றோலை அளந்து விடுகின்றது. கூடும் பிஸ்ரனும் தொழிற்சாலையிலேயே சோடி சேர்க்கப்பட்டவை. உட்சுவரைச் சிறிது உரைத்தாலும் இடைவெளி விரிந்து, காற்றுக் கசிந்து, கலவைக் கணக்குப் பிழைத்துவிடும்.

“தம்பி, வெளியிலை எவ்வளவு வேண்டுமெண்டாலும் மினுக்கு, உள்ளுக்குக் கை வையாதை,” என்றார் தந்தையார். உட்புறத்தைப் பெற்றோல் நனைத்த துணியால் தாமே துடைத்தார். பின்னர் பிஸ்ரனின் துளைகளை அடைத்துக் கூட்டுக்குள் மேலே தள்ளி, கவிழ்த்துப் பிடித்துக் கூட்டை மெல்ல விழவிட்டார். சட்டென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அது விழாமல், சில விநாடிகள் மூச்சுவிடுவது போல ஆறுதலாக இறங்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை; மறுபடியும் இருமுறை அப்படியே செய்து பார்த்தார்.

வெளிப்புறம் இப்போது முகம் பார்க்கலாம்போல இருக்கின்றது. மெழுகு பூசியிருக்கின்றோம். ஆயினும் கடற்காற்று வீசும்வரை அது எத்தனை மாதம் தாங்கும்? குருநாகலுக்குக் கடல் தொலைவு என்பது ஓர் ஆறுதல்.

வாங்குபவர் அடுத்த ஞாயிறு வருகின்றார். கூட்டின் உட்புறத்தை ஒருபோதும் உரைக்கலாகாது என்று அவருக்கு எழுதிக் கொடுக்கும்படி தந்தையார் சொல்லியிருக்கின்றார். எங்கள் கல்லூரியிற் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியரை நாளை கண்டு, வாசகத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.