சாம்பியன் ரீப்ஸில் காமிரா அணைந்த கதை

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளைப்பாதையில் கோரமண்டல், உரிகம் ஆகிய நிலையங்களைக் கடந்தால் சாம்பியன் என்னும் சிறு நிலையம் வரும். காலையில் இவ்வழியே பெங்களூருக்குச் செல்லும் வண்டிகளில் நிற்கவும் இடமிராது. வேலைக்குச் செல்வோர் கூட்டம் அத்தகையது. நான் சென்ற வண்டியோ எதிர்த்திசையில் ஏறக்குறைய வெறுமையாகவே ஓடியது. தைப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். கையில் ஒரு பை. பையில் அத்தைக்கு ஒரு புடைவை. தோளில் ஒரு டிஜிட்டல் காமிரா.

நம் சங்கத்து இல்லங்கள் சிலவற்றிற்குத் தங்கவயலைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பாட்டன்மார் பிழைப்பு நாடிச் சென்ற முதல் அயலூர் அதுதான். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கினர். சாம்பியன் ரீப் சுரங்கம் நாளடைவில் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்று, உலகின் மிக ஆழ்ந்த சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிற்று. அடித்தளங்களில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸுக்கும் மேல். 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளுடன் பணி நின்றது. அதன் பின்னர் எங்கள் குடும்பம் மும்பைக்குப் பெயர்ந்தது. அத்தை மட்டும் பெயரவில்லை.

அத்தையைப் படமெடுப்பதே என் பயணத்தின் நோக்கம். எண்பத்து மூன்று வயதாகிறது. மாமாவுடன் சேர்ந்து எடுத்த படம் ஒன்றும் அவர்களிடம் இல்லை. மாமாவின் முகம் இருப்பதெல்லாம் சுரங்கத்து அடையாள அட்டையில் ஒட்டிய அஞ்சல்தலையளவு நிழற்படத்தில்தான். அதுவும் ஈரம் பட்டுப் பாதி அழிந்துவிட்டது. அத்தைக்காவது நல்ல படம் ஒன்று வேண்டும், அவர்கள் அறுபதாண்டுகள் வாழ்ந்த லைன் வீட்டின் வாசலிலேயே எடுக்க வேண்டும் என்று என் தங்கை பலமுறை எழுதியிருந்தாள்.

ஆனால் நேரே வீட்டிற்குச் சென்றேனா? இல்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சயனைடு மேடுகள் கண்ணைப் பற்றிக்கொண்டன. பொன்னைப் பிரித்தெடுத்த பின்னர் எஞ்சிய மாவுக்கல், தலைமுறை தலைமுறையாகக் கொட்டப்பட்டுக் குன்றுகளாக நிற்கிறது. வெயிலில் அதன் வெண்சாம்பல் நிறம் கண்ணைக் கூசச் செய்யும். பிள்ளைப் பருவத்தில் சறுக்கி விளையாடிய குன்று அன்றோ! நாற்பது படங்களுக்கு மேல் எடுத்துவிட்டேன். கூச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று திரையின் ஒளியை உச்சத்திற்கு ஏற்றினேன். காற்றில் மாவு பறப்பதை ஆறு நிமிடம் சலனப்படமாகவும் பிடித்தேன். இறங்கியபோது பாட்டரிக் குறியில் இரண்டு கட்டைகள் இருந்தன. சுரங்கத் தலைக்கோபுரத்தை நோக்கிக் காமிராவைத் திருப்பிய கணத்தில் அது ஒற்றைச் சிவப்பாகி, உடனே அணைந்தது.

மாற்றுப் பாட்டரி ஒன்று இருக்கிறது என்னும் துணிவோடு அத்தை வீட்டிற்குப் போனேன். படம் என்றதும் அவர்கள் முகம் கழுவி, நான் கொண்டு சென்ற புடைவையை உடுத்து, தலையில் சிறிது கனகாம்பரமும் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்கள். மாற்றுப் பாட்டரியைப் பொருத்தினேன். திரை ஒளிர்ந்தது, வில்லையும் வெளியே நீண்டது, அதே நிலையில் நீண்டபடியே உயிர் விட்டது. மும்முறை கழற்றி மாட்டினேன். பயனில்லை. அத்தை கால் மணி நேரம் அசையாமல் நின்றார்கள்.

"ஆச்சா, கண்ணு?" என்றார்கள்.

"இல்லை அத்தை, பாட்டரி தீர்ந்துவிட்டது" என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை; எனினும் சொன்னேன்.

கைப்பேசியில் எடுக்கலாமே என்று வாசகர் கேட்பர். கேட்டது நியாயமே. எடுத்தேன், ஆனால் பழைய கைப்பேசி, மாலை வெளிச்சம், அத்தையின் கையும் நடுங்கிற்று. சுவரில் மாட்டும் படமாக அது அமையவில்லை.

அத்தை சினங்கொள்ளவில்லை. உள்ளே சென்று காப்பி கலந்து வந்து, காமிராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "நேத்து ராத்திரி இத அணைச்சுதானே வெச்சிருந்தே?" என்றார்கள். ஆம் என்றேன். "எரியிற விளக்குக்குக் கணக்கு தெரியும், கண்ணு. அணைஞ்சுபோச்சுன்னு நாம நெனைக்கிற விளக்குதான் ராத்திரியெல்லாம் தின்னுக்கிட்டிருக்கும். உங்க மாமா சொல்லுவாரு."

மாமா சாம்பியனில் லேம்ப்ரூம் என்று அவர்கள் வழங்கிய விளக்கறையில் பணி புரிந்தவர். சுரங்கத்தில் மெழுகுவர்த்தியும், கார்பைடு விளக்கும் எரிந்த காலம் போய், தலைக்கவசத்தில் விளக்கும் இடுப்பில் பாட்டரியுமாகத் தொழிலாளர் இறங்கிய காலம் அது. அமெரிக்காவில் எடிசன் இத்தகைய தலைவிளக்கை உருவாக்கி 1915-ஆம் ஆண்டளவில் சுரங்கங்களுக்குள் புகுத்தினார். அவருடைய மின்கலம் நிக்கலும் இரும்பும் கொண்டது. மாமா கையாண்டதோ ஈயமும் அமிலமும் கொண்ட வகை. ஒரு முறைப்பணி முழுதும் விளக்கு நின்றெரிய வேண்டும். நடுவில் அணைந்தால், அங்கே கைநீட்டித் தடவ ஒரு தெரு விளக்கும் இல்லை. ஆகவே தீர்ந்து வந்த பாட்டரியை ஓர் இரவும் அப்படியே கிடக்க விடாமல், வந்தவுடன் மின்னேற்றத்தில் மாட்டிவிடுவது விளக்கறையின் வழக்கம். ஈயமின்கலம் வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும். முனைகளில் பாசி பிடித்திருந்தால் ஏறியது போலத் தோன்றும், ஏறியிராது.

அந்த மின்சாரத்தின் வரலாறும் சிறிதன்று. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடித் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்வழிகளுள் அஃதொன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரியுமுன்னரே தங்கவயலில் எந்திரங்கள் மின்சாரத்தால் சுழன்றன. அத்தகைய ஊரில் நின்றுகொண்டு பாட்டரியின்றித் தவித்தேன் நான்.

மும்பைக்குத் திரும்பியதும் குற்றத்தை முதலில் தை மாதக் குளிரின்மேல் சுமத்தினேன். குளிரில் லித்தியம் மின்கலம் தளரும் என்பது உண்மையே. ஆனால் அது உறைபனி நாடுகளுக்குப் பெரிதும் பொருந்தும். தங்கவயலின் காலைக் குளிர் ஒரு கம்பளிச் சட்டைக்கு அடங்குவது. நண்பகலில் அதுவும் இல்லை. பிறகுதான் அத்தையின் சொல் நினைவுக்கு வந்தது. அதைச் சோதித்தேன்.

முதல் நாள் பாட்டரியை முழுதும் ஏற்றி, காமிராவுள் வைத்து, விசையை அணைத்துவிட்டு உறங்கினேன். காலையில் நான்கு கட்டைகளில் இரண்டு குறைந்திருந்தன. இரண்டாம் நாள் முழுதும் ஏற்றிய பாட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். காலையில் மாட்டிப் பார்த்தபோது நான்கும் இருந்தன. ஆகவே இரவில் தின்றது காமிராவே என்பது தெளிவாயிற்று. பட்டியல்களைத் துழாவினேன். எடுத்த படங்களைக் கைப்பேசிக்குத் தானே அனுப்பும் புளூடூத் வசதி, காமிராவை அணைத்த பின்னும் விழித்திருந்து கைப்பேசியைத் தேடிக்கொண்டிருக்கும்படி அமைந்திருந்தது. நானே என்றோ ஒருநாள் ஆர்வத்தால் திறந்துவிட்டது அது. மும்பையிலிருந்து பெங்களூர் வரை ஓரிரவும் ஒரு பகலும், விடுதியில் மற்றோர் இரவும் அது பைக்குள் ஓயாது கூவியழைத்திருக்கிறது! மூன்றாம் இரவு அதை மூடிவிட்டு, பாட்டரியை உள்ளேயே விட்டுவைத்தேன். காலையில் நான்கு கட்டைகளும் அப்படியே நின்றன.

பகலில் தின்றவை வேறு. உச்ச ஒளியில் எரிந்த திரை முதற்குற்றவாளி. கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் பழைய வகைக் காமிராவைவிட, கண்ணாடியில்லாத இக்காலத்து வகை மிகுதியாக உண்பது இதனால்தான். பார்க்கும் நேரமெல்லாம் திரையோ உணர்பலகையோ விழித்தே இருக்க வேண்டும். பொத்தானைத் தொடாதபோதும் குவியத்தைத் தேடிக்கொண்டிருக்கும் அமைப்பு, கைநடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு, எடுத்த படத்தை ஒவ்வொரு முறையும் காட்டுதல், அரை மணி நேரம் சும்மா இருந்தாலும் உறங்காதபடி நான் நீட்டிவைத்த காலவரை ஆகிய எல்லாம் சேர்ந்தே மேய்ந்தன. காலவரையை ஒரு நிமிடமாக்கினேன். திரையை நடுவளவில் நிறுத்தினேன். தொப்பியின் நிழலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பாட்டரிக்கு இத்தனை படம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டும் ஏமாறலாகாது. ஜப்பானியக் காமிராச் சங்கத்தார் வகுத்த முறைப்படி, 23 பாகை வெப்பத்தில், 30 நொடிக்கு ஒரு படம், பத்துப் படத்திற்கு ஒரு முறை அணைப்பு என்று அளந்த கணக்கு அது. அத்தை வாசலில் நிற்கும்போது அவ்வாறு எவரும் எடுப்பதில்லை.

இவ்வளவும் திருத்திய பின்னரும் பாட்டரி மனநிறைவு தரவில்லை. வாங்கி ஆறாண்டுகளாகிவிட்டன. லித்தியம் மின்கலம் முதுமையடையும்போது அதன் உட்தடை கூடும். குறியில் இரண்டு கட்டைகள் காட்டும். பெருஞ்சுமை வந்த கணத்தில் மின்னழுத்தம் சரிந்து அணைந்துவிடும். சலனப்படத்தின்பின் எனக்கு நேர்ந்தது அதுவே. வெயிலில் நிற்கும் வண்டியினுள் விட்டுவைப்பது அம்முதுமையை விரைவில் கொண்டுவரும். மாற்றுப் பாட்டரியின் கதை இதைவிட இரங்கத்தக்கது. மலிவு என்று வாங்கிய பெயரில்லாப் பொருள். அதையும் தீர்ந்த நிலையில் ஓராண்டு மேசையறையில் போட்டுவைத்திருந்தேன். விளக்கறையில் அதைச் செய்திருந்தால் மாமா என்னை வெளியே அனுப்பியிருப்பார். லித்தியத்தை நெடுநாள் வைப்பதாயின் வெறுமையாகவும் வைக்கலாகாது, நிரம்பவும் வைக்கலாகாது. பாதியளவில் வைத்தல் நன்று.

பென்சில் பாட்டரி போடும் பழைய காமிராக்கள் நம் இல்லங்கள் பலவற்றில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் கடையில் கிடைக்கும் ஆல்கலைன் பாட்டரியைப் போட்டு, பத்துப் படத்தில் தீர்ந்தது என்று காமிராவைப் பழிப்பவர் உளர். 1.5 வோல்ட்டில் தொடங்கும் அவை, காமிராவின் பெரும்பசிக்கு முன் விரைவில் தாழ்ந்துவிடும். நிக்கல்-உலோக ஹைட்ரைடு வகை 1.2 வோல்ட்டே எனினும் கடைசி வரை ஏறக்குறைய அதிலேயே நிற்கும். கடிகாரத்திற்கு முன்னது, காமிராவிற்குப் பின்னது. விமானத்தில் ஊருக்குச் செல்வோர் உதிரி லித்தியம் பாட்டரிகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே, முனைகளை மூடி, எடுத்துச்செல்ல வேண்டும்.

மாசி மாதத்தில் மறுபடியும் சென்றேன். புதிய பாட்டரி இரண்டு. இரண்டும் கழற்றிய நிலையில். இம்முறை நிலையத்திலிருந்து நேரே அத்தை வீடு. வழியில் ஹீத்கோட் சுரங்கவாய் இருந்த திசையை மட்டும் ஒருமுறை நோக்கினேன். 1965-ஆம் ஆண்டில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அங்கே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் அமைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டனர். நியான் குழாய்கள் ஒளிர்வதைக் காமிராக்கள் படலத்தில் பதிந்தன. எப்போது ஒளிரும் என்று எவரும் முன்கூட்டி அறியாத ஒளிக்காக, நாட்கணக்கில், அந்த இருட்டில்.

அத்தை இம்முறை புதுப் புடைவை உடுக்கவில்லை, வழக்கமான நூற்சேலையே. "அதான் என்னை மாதிரி இருக்கும்" என்றார்கள். உள்ளே போய் ஒரு பித்தளை வில்லையை எடுத்து வந்தார்கள். சுரங்கத்தில் இறங்குமுன் மாமா கையில் வைத்திருந்த எண் பொறித்த டோக்கன் அது; தேய்ந்து பளபளத்தது. அதைப் படத்தில் எண் தெரியும்படி பிடிக்க வேண்டுமாம். எண் தெரிவதற்கு இருபத்தேழு படங்கள் எடுக்க வேண்டியிருந்தது. வெயில் பித்தளையில் பட்டுத் தெறித்துக்கொண்டே இருந்தது. இறுதியில் அடுத்த வீட்டுச் சிறுமி ஒரு முறத்தைப் பிடித்து நிழல் தந்தாள்.

திரையில் காட்டினேன். அத்தை டோக்கனைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. "மூணு காப்பி போடு. ஒசூர்ல இருக்கிறவளுக்கு ஒண்ணு அனுப்பணும்" என்றார்கள். பிறகு பாட்டரியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிக் காட்டிய பின்னரே சாப்பாடு போட்டார்கள்.