வேடந்தாங்கலில் ஒரு காலைப் பொழுது

மிருகக்காட்சி சாலையில் கூண்டுப் பறவைகளைக் குழந்தைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். கூண்டே இல்லாமல் ஆயிரக்கணக்கில் பார்க்க ஆசையா? வேடந்தாங்கலுக்குக் கிளம்புங்கள்!

ஐயங்கார்குளம், உத்திரமேரூர் என்று இந்த வட்டாரம் முழுக்க ஏரியும் குளமும்தான். அதில் வேடந்தாங்கல் ஏரி ஒன்றும் பெரிசில்லை. சுமார் 75 ஏக்கர். ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இலை தெரியாத அளவுக்குக் கூடுகள்!

விடிந்ததும் போய்விட வேண்டும். இரை தேடப் பறவைகள் கிளம்பும் நேரம் அது. வக்கா மட்டும் எதிர்த்திசையில் வரும். ராத்திரியெல்லாம் மீன் பிடித்துவிட்டுத் தூங்க வருகிறதாம்! கூழைக்கடாவின் பை அலகையும் கரண்டிவாயனின் கரண்டி மூக்கையும் பார்த்துக் குழந்தைகள் சிரிக்காமல் இருக்காது. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும். வெயில் ஏறினால் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருவதைப் பாருங்கள். நம் முந்தானை ஞாபகம் வரும்.

இந்தப் பறவைகளைக் காப்பாற்றியது யார் தெரியுமா? ஊர் ஜனங்கள்தான். வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே வந்து சுட்டபோது, அவர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்புக்குக் கவுல் வாங்கிவிட்டார்கள். காரணம் இரக்கம் மட்டுமல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அந்த நன்றியை இன்னும் மறக்கவில்லை. தீபாவளிக்குக்கூட இங்கே வெடிச் சத்தம் கேட்காது. 2022-ல் இந்த ஏரிக்கு ராம்சர் என்ற உலக அங்கீகாரமும் கிடைத்தது.

ஆனால் மழை பொய்த்து ஏரி வற்றினால் பறவைகள் கூடு கட்டாது. அதனால் நவம்பர் முதல் மார்ச் வரையிலான சீசனிலும், தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவதே நல்லது.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் மதுராந்தகத்துக்கு முன்னால் படாளத்தில் திரும்ப வேண்டும். உத்திரமேரூர் பக்கமிருந்தும் சாலை உண்டு. கையில் இட்லிப் பொட்டலம், குடிதண்ணீர், குழந்தைகளுக்குத் தொப்பி இருக்கட்டும். பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிற உடையும், பிளாஸ்டிக் பையும், டிரான்சிஸ்டர், செல்போன் பாட்டும் வேண்டவே வேண்டாம்.

"உஷ்! குஞ்சு தூங்குது" என்று சொல்லிப் பாருங்கள். எந்தச் சுட்டிப் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். ஒரு ஊரே 200 வருஷத்துக்கு மேலாகச் செய்துவருகிற காரியத்தை நம் குழந்தைகள் ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.