சமத்துப் பிள்ளை

என்னை யாரும் அடித்து வளர்க்கவில்லை. பசியோடு படுத்ததில்லை. தம்பி பிறந்த சமயம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, மூன்று வயதில் என்னை அம்பாசமுத்திரத்தில் ஆச்சியிடம் விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில்தான் சென்னைக்குத் திரும்பினேன். “மொதல்ல அழுதா, அப்புறம் பழகிட்டா, சமத்து” என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுப் பூரித்துத்தான் வளர்ந்தேன்.

ஆனால் கணவர் போனை எடுக்காவிட்டால் எனக்குக் கை நடுங்கும். அவர் வீட்டுக்கு வந்ததும் நிம்மதி வராது; முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பேச்சே எழாது.

இதைக் கேட்ட மனநல ஆலோசகர், குழந்தைகளின் பிரிவுத் துயரை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனைப் பற்றிச் சொன்னார். லண்டனில் அவர் எடுத்த ஒரு படம் 1952இல் வெளிவந்தது. மருத்துவமனையில் எட்டு நாள் இருக்க நேர்ந்த இரண்டு வயதுச் சிறுமியின் படம். அவள் அதிகம் அழவில்லை; அதற்காக வலியில்லை என்று ஆகிவிடாது. பிரிவு நீண்டால் குழந்தை முதலில் அழுது எதிர்க்கும், பிறகு நம்பிக்கை இழக்கும், கடைசியில் உள்ளுக்குள் விலகிக்கொள்ளும் என்று ராபர்ட்சனும் அவருடன் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் கண்டார்கள். அந்தக் கடைசி நிலையைத்தான் பெரியவர்கள் ‘பழகிட்டா’ என்கிறார்கள். கேட்டதும் எனக்கு நெஞ்சை அடைத்தது.

ஆனாலும் யாரைக் கோபிப்பது? அம்மா படுக்கையில் கிடந்தாள். ஆச்சி என்மேல் உயிரையே வைத்திருந்தாள். குறை சொன்னால் நன்றி கெட்டவளாகிவிடுவேனே என்ற பயத்தில், வலிக்கவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். தப்பு செய்தவர் ஒருவரும் இல்லாவிட்டாலும் காயம் காயம்தான். இதை மனசு ஒப்புக்கொள்ளத்தான் வெகுகாலம் பிடித்தது. மற்றதெல்லாம் அதன்பிறகு நடந்தது.

அந்தக் காயத்தை எழுதத் தொடங்கினேன். அப்படி எழுதுவது உதவும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் தங்கள் துயரத்தை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துப்போகும், அதையும் சொல்லிவிட வேண்டும். அடி உதையும் அத்துமீறலும் பட்டு வளர்ந்தவர்கள் துணையில்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மூன்று வயதுப் பிள்ளை கேட்காமல் விட்டதையெல்லாம் எழுதினேன். ‘அம்மா ஏன் வரல?’ என்று பக்கம் பக்கமாக. இப்போதும் போன் அடித்து ஓய்ந்தால் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் கணவர் வந்ததும் “பயந்துட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறது.

போன பொங்கலுக்கு அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. “ஒன்னக் கூட்டிட்டுப் போக வந்தப்போ, நீ ஆச்சி முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்ட. ‘யாரு இது’ன்னு கேட்ட” என்றாள். இத்தனை வருஷமாக அதை அவள் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லையாம். அன்று ராத்திரி நாங்கள் தூங்கவே வெகுநேரமாயிற்று.